பதினேழாவது பானை

மஞ்சனூத்தில் கசப்பு காணாமல் போனது ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி வாக்கில். அதை முதலில் அறிந்தவள் ஜெசிந்தா, ஏனென்றால் அந்த நேரத்தில் அந்த ஊரில் வேண்டுமென்றே கசப்பைத் தேடி வாயில் வைத்துக்கொண்டிருந்தவள் அவள் ஒருத்திதான். கொல்லையில் மூன்று கல் அடுப்பின் மேல் கேழ்வரகுச் சாறு கொதித்துக்கொண்டிருந்தது, அதில் இரண்டு கை நிலவேம்பைப் போட்டு அரை மணி நேரம் ஆகியிருந்தது, ஆவி முகத்தில் அடிக்க அவள் அகப்பையால் ஒரு வாய் எடுத்து ஊதி ஊதி ஆறவைத்து நாக்கின் பின்பக்கத்துக்குத் தள்ளினாள். அங்கே வரவேண்டியது வரவில்லை. நெல்லிக்காய் தின்றுவிட்டுத் தண்ணீர் குடித்தால் தொண்டையில் ஒரு மெல்லிய இனிப்பு நிற்குமே, அது மட்டும் வந்து நின்றது.

ஜெசிந்தாவுக்கு வயது ஐம்பத்து மூன்று. அதில் இருபத்திரண்டு வருஷம் சமவெளியில் ஒரு பீர் தொழிற்சாலையின் சோதனைக்கூடத்தில் சுவை பார்க்கும் வேலையில் கழிந்தது. அங்கே கசப்புக்காக ஹாப்ஸ் என்ற பச்சைப் பூவை வெளிநாட்டிலிருந்து காற்றுப் புகாத பைகளில் வரவழைத்தார்கள், ஒவ்வொரு தொட்டியிலும் அந்தக் கசப்பு கூடியிருக்கிறதா குறைந்திருக்கிறதா என்று சொல்ல வேண்டியது அவள் நாக்கின் பொறுப்பு, அவள் குறைகிறது என்றால் இயந்திரத்தை மறுபடி சோதிப்பார்களே தவிர அவள் நாக்கைச் சந்தேகிக்க மாட்டார்கள். தொழிற்சாலையை மூடிய பிறகு ஒரு வெப்பமானியையும் அந்த நாக்கையும் எடுத்துக்கொண்டு மலையடிவாரத்துக்கு வந்துவிட்டாள். கேழ்வரகை முளைகட்டி, காயவைத்து, கொரகொரப்பாக உடைத்து, விரல் பொறுக்காத சூட்டுத் தண்ணீரில் ஊறவைத்து, அந்த இனிப்புச் சாற்றை வடித்துக் கொதிக்கவிட்டு, மஞ்சனூத்துக்கு வராத ஹாப்ஸுக்குப் பதிலாக நிலவேம்பும் சீந்தில் கொடியும் வாசத்துக்குக் கொஞ்சம் வெட்டிவேரும் போட்டு, ஆறியதும் போன பானையின் அடிமண்டியை ஊற்றித் துணி கட்டி வைத்தால், அந்த மண்டியில் உயிரோடிருக்கும் ஈஸ்ட் சாற்றின் இனிப்பைத் தின்று ஒன்பதாம் நாள் பீராக்கிவிடும். கோயில் திருவிழாவுக்கும் மாதா திருநாளுக்கும் ஊர் அதை டம்ளர் டம்ளராகக் குடித்தது. வீட்டில் பீர் காய்ச்சக் கூடாது என்பது சட்டம், அது அவளுக்கும் தெரியும், காவல் நிலையத்துக்கும் தெரியும்.

அன்று அவள் வாயைக் கொப்பளித்துவிட்டு வேப்பமரத்தில் ஒரு கொத்து உருவி மென்று பார்த்தாள். இனித்தது. தன் நாக்கு போய்விட்டது என்று நினைத்து அடுப்படியில் உட்கார்ந்தாள். சற்று நேரத்தில் தெருவில் பேச்சுச் சத்தம் கேட்டது. மூலிகைக் கடை வைத்திருக்கும் பொன்னுரங்கம் வைத்தியர் ஒரு கஷாயக் குவளையோடு நடு வீதியில் நின்று போகிற வருகிறவர்களுக்கெல்லாம் ஒரு சொட்டுக் கொடுத்து, "கசக்குதா? கொஞ்சமாவது கசக்குதா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

மூன்றாம் நாளுக்குள் ஊர் அதற்குப் பழகிவிட்டது. காய்க்காரி மாரக்காள் பாகற்காய்க் கூடையைக் காலை ஏழு மணிக்கே காலி செய்துவிட்டு வெற்றிலை போட உட்கார்ந்தாள், பிள்ளைகள் பாகற்காயை வெள்ளரிக்காய் மாதிரிக் கடித்துக்கொண்டே பள்ளிக்கூடம் போனார்கள், டீக்கடையில் டிகாக்ஷனைச் சர்க்கரை இல்லாமல் கேட்டார்கள், பால் மறக்கடிக்க மார்பில் வேப்பெண்ணெய் தடவிக்கொண்ட தாய்மார்களின் பிள்ளைகள் முன்னைவிட ஆசையாக வந்து ஒட்டிக்கொண்டன, சித்திரை ஒன்றாம் தேதி வேப்பம்பூப் பச்சடியைப் பாயசம் போல இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். வெளியூரிலிருந்து வருகிற மருந்தும் ஊரெல்லையில் இருக்கும் குறும்பாற்றுப் பாலத்தைத் தாண்டியதும் இனித்தது. பாலத்துக்கு அந்தப் பக்கம் எல்லாம் பழையபடி இருந்தது, இந்தப் பக்கம் மட்டும் இப்படி, அவ்வளவுதான் விஷயம் என்று பேருந்து நடத்துநர் புதிதாக ஏறுகிறவர்களுக்கு விளக்கினார்.

போனது நாக்கில் இருந்த கசப்பு மட்டும் இல்லை என்பது தெரியப் பத்து நாள் ஆயிற்று. ஒரு சுவருக்காகப் பதினான்கு வருஷம் பேசாமலிருந்த அண்ணன் தம்பி இரண்டு பேர் ஒரே தட்டில் சாப்பிட்டார்கள். நிலத் தகராறு, வாய்க்கால் தகராறு, நிச்சயித்த கல்யாணம் நின்றுபோன தகராறு என்று நீதிமன்றத்தில் கிடந்த வழக்குகளை ஒவ்வொன்றாகத் திரும்பப் பெற்றார்கள். காவல் நிலைய எழுத்தர் வேலை இல்லாமல் வாசலில் செம்பருத்தி வைத்துத் தண்ணீர் ஊற்றினார். பஞ்சாயத்துத் தலைவர் துளசிமணி பாலத்தின் மேற்கு முனையில் ஒரு ஃப்ளெக்ஸ் பேனர் கட்டினாள்: கசப்பில்லா மஞ்சனூத்து உங்களை அன்புடன் வரவேற்கிறது.

ஆடுகள் செத்தபோதும் பேனர் அங்கேதான் இருந்தது. கசப்பு மரவள்ளியின் இலையை முகர்ந்துவிட்டு விலகிப் போகிற ஆடுகள் இப்போது அதை வயிறு முட்டத் தின்று வரப்போரம் சரிந்தன. செல்லையா என்ற மனிதர் வேலியில் காய்த்த பேய்ச்சுரையை நல்ல சுரை என்று கூட்டு வைத்துச் சாப்பிட்டு இரண்டாம் நாள் இறந்தார். அழுதார்கள். ஆனால் அந்த அழுகை எட்டாம் நாளைத் தாண்டவில்லை, அவர் மனைவி ஒன்பதாம் நாள் நல்ல சேலை கட்டிக்கொண்டு சந்தைக்குப் போனாள், அதை யாரும் குறையாகவும் சொல்லவில்லை.

ஜெசிந்தாவின் தங்கை அமலி கணவனிடம் திரும்பிப் போனது அந்த நாட்களில்தான்.

அமலிக்கு முப்பத்தெட்டு வயது. மூன்று வருஷத்துக்கு முன் அவள் கணவன் சவரிமுத்து, மரம் அறுக்கும் மில் வைத்திருப்பவன், சூடான இஸ்திரிப் பெட்டியை அவள் தோளில் வைத்து அழுத்தினான். அவள் மகள் நிரோஷாவின் கையைப் பிடித்துக்கொண்டு அக்கா வீட்டுக்கு நடந்து வந்தாள், அதன் பிறகு அந்தத் தெருப் பக்கம் திரும்பவே இல்லை, தையல் மெஷின் ஒன்றைப் போட்டுக்கொண்டு தன் பாட்டைத் தானே பார்த்துக்கொண்டாள். ஊரே சமாதானம் ஆகிக்கொண்டிருந்த அந்தப் பருவத்தில் சவரியும் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து கூப்பிட்டான்.

"அவர் கூப்பிட்டாருக்கா. போகலாம்னு இருக்கேன்" என்றாள் அமலி.

"தோள்ல இருக்கறது ஞாபகம் இருக்கா?"

"எல்லாம் ஞாபகம் இருக்கு. ஆனா வேற யாருக்கோ நடந்த மாதிரி இருக்கு."

ஜெசிந்தா அவளைத் தடுக்க வாயெடுத்தாள், ஒரு சொல்லும் வரவில்லை, ஏனென்றால் அவளுக்குள்ளும் சவரியின் மேல் ஒன்றும் இல்லை. தன் கையாலேயே நிரோஷாவின் சீருடைகளை மடித்துப் பையில் வைத்தாள். தையல் மெஷினைத் தூக்கி ஆட்டோவில் ஏற்றியதும் அவள்தான்.

ஒரு மாதம் கழித்து ரேஷன் கடையில் அமலியைப் பார்த்தாள். இடது கண்ணுக்குக் கீழே கன்றியிருந்தது.

"விழுந்துட்டியா?"

"இல்லக்கா, அடிச்சாரு" என்றாள் அமலி, நேற்று மழை பெய்தது என்று சொல்வது போல, பிறகு சர்க்கரை போடுகிறார்களா என்று எட்டிப் பார்த்தாள்.

கசப்பு எல்லாரிடமிருந்தும் போயிருந்தது, சவரியிடமிருந்தும்தான் போயிருந்தது, ஆனாலும் அவன் கை நிற்கவில்லை. அவன் கோபத்தால் அடிப்பதாகத்தான் ஊர் இத்தனை நாள் பேசிக்கொண்டது, இப்போது கோபமே இல்லாமல், சாப்பிட்டுவிட்டுக் கை கழுவுகிற மாதிரி, பழக்கத்தில் அடித்தான்.

ஜெசிந்தா வீட்டுக்கு நடந்தாள். வழி முழுக்கத் தனக்குக் கோபம் வரும் என்று காத்துக்கொண்டே நடந்தாள், வரவில்லை. வீட்டுக்கு வந்து ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டு உட்கார்ந்து, தொழிற்சாலையில் ஒரு தொட்டியின் மாதிரியை எப்படிப் பார்ப்பாளோ அப்படித் தன்னையே பார்த்தாள். இந்த இடத்தில் ஒன்று இருக்க வேண்டும், அது இல்லை. எவ்வளவு இருக்க வேண்டும் என்பது அவளுக்குத் தெரியும். குறைவதைக் குறைகிறது என்று சொல்வதற்குக் கோபம் தேவையில்லை, இருபத்திரண்டு வருஷமாக அவள் அதைக் கோபம் இல்லாமல்தான் செய்து வந்திருக்கிறாள்.

முதலில் சுலபமான வழியைப் பார்த்தாள். நிரோஷாவுக்குத் துணி எடுக்கலாம் என்று சொல்லி அமலியைப் பேருந்தில் ஏற்றிப் பாலத்துக்கு அப்பால் அழைத்துப்போனாள், இறங்கியதும் சாலையோர வேம்பில் இரண்டு இலை பறித்து ஒன்றை அவளிடம் கொடுத்தாள். அமலி மென்றாள், முகம் சுருங்கியது, துப்பினாள். பிறகு அப்படியே மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தோளை ஒரு கையால் பொத்திக்கொண்டாள், ஏதோ இப்போதுதான் சுட்டது போல.

"அக்கா, நான் ஏன் அங்க இருக்கேன்?"

"வேண்டாம்னா வேண்டாம். இப்படியே போயிடலாம்."

"நிரோ பள்ளிக்கூடத்துல இருக்கா."

"நீ இங்கயே இரு. நான் போய்க் கூட்டிட்டு வர்றேன்."

"உன்கூட அனுப்ப மாட்டாங்க. அம்மாவோ அப்பாவோ வந்து கையெழுத்துப் போடணும்." அமலி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "நானே வர்றேன். கூட்டிட்டு உடனே திரும்பிடுவோம்."

பேருந்துக்குக் காத்திருக்கப் பொறுக்காமல் நடந்தே போனார்கள். அமலி முன்னால் வேகமாக நடந்தாள், ஜெசிந்தா வேப்பங்குச்சி ஒன்றைப் பல்லில் கடித்துக்கொண்டு பின்னால் நடந்தாள், கீழே குறும்பாறு பாறைகளுக்கு நடுவே ஒடுங்கி ஓடியது. பாலத்தின் நான்காவது விளக்குக் கம்பத்தருகே அமலியின் நடை தளர்ந்தது. அங்கேதான் ஜெசிந்தாவின் வாயிலிருந்த குச்சியும் மாறியது, அது மாறிய விதத்தை அவள் நாக்கு கவனித்தது: கசப்பு அணையவில்லை, அதன் மேல் அந்த நெல்லிக்காய் இனிப்பு மெல்ல வந்து படிந்தது, படிந்து மூடும்வரை ஒரு கண நேரம் இரண்டும் சேர்ந்தே இருந்தன.

"துணி எடுக்கத்தானே வந்தோம், எடுக்காமலே திரும்பிட்டோமே" என்றாள் அமலி.

"அந்தப் பக்கம் என்ன சொன்னே, நெனச்சுப் பாரு."

"சொன்னேன்தான். இப்ப எதுக்குச் சொன்னேன்னு தெரியல." அவள் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு பிரியமாகச் சிரித்தாள். "வாக்கா. அவரு சாப்பாட்டுக்கு வந்துடுவாரு."

அதன் பிறகு சவரி அவளைப் பாலம் தாண்ட விடவில்லை. அவளும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

கசப்பு எங்கும் போகவில்லை, மூடிக் கிடக்கிறது என்பது ஜெசிந்தாவுக்கு இப்போது தெரிந்துவிட்டது, மூடியிருப்பது ஒரு இனிப்பு என்பதும் தெரிந்துவிட்டது, இனிப்பைத் தின்று வாழ்கிற ஒன்று அவள் வீட்டுப் பானைக்கு அடியில் சாம்பல் நிறத்தில் படிந்து கிடந்தது. மறுநாள் காலையிலேயே கேழ்வரகை ஊறவைத்தாள்.

முதல் பானையில் ஈஸ்ட் கேழ்வரகின் இனிப்பைத் தின்றது, மற்றதைத் தொடவில்லை. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது பானையில் நிலவேம்பை இரட்டிப்பாக்கினாள், இனிப்பும் இரட்டிப்பாயிற்று. நான்காவதில் சீந்தில், ஐந்தாவதில் வேப்பம்பட்டை, அது புளித்துப்போயிற்று, ஆறாவதில் ஆடாதொடை. ஏழாவது பானையைப் பாதியாக்கி ஒரு பங்கை வெயிலிலும் ஒரு பங்கை நிழலிலும் வைத்தபோது, நிழலில் இருந்தது ஒரு மயிரிழை குறைவாக இனித்தது. வேறு யாருக்கும் தெரிந்திருக்காது. அந்த மண்டியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைத் தென்னைக்கு ஊற்றினாள். அடுத்த பானைக்கு அதையே இட்டாள், அதிலிருந்து அதற்கடுத்த பானைக்கு, ஒவ்வொரு தடவையும் எந்த மண்டி அந்த இனிப்பைக் கொஞ்சமாவது கடித்துப் பார்த்ததோ அதற்கே அடுத்த சோறு. பத்தாவதில் பூசணம் பிடித்தது. பதினொன்றாவது பானை விரிசல் விட்டுக் கொல்லை முழுக்க நுரையாயிற்று, அவள் அந்த ஈர ஓடுகளைப் பொறுக்கி, அவற்றின் உட்புறத்தைச் சுரண்டி, மண்டியைக் காப்பாற்றினாள்.

பொன்னுரங்கம் காட்டிலிருந்து மூலிகைகள் கொண்டுவந்து கொடுத்தார். அவர் கடையில் கூட்டம் அலைமோதியது, ஆனால் அவர் இளைத்துப்போயிருந்தார். "மருந்தைத் திங்கப்பண்டம் மாதிரித் திங்கறாங்கம்மா. அளவே இல்ல. நான் சொன்னா சிரிக்கறாங்க" என்றார். பன்னிரண்டாவது பானையின்போது, "விட்டுருங்க ஜெசிந்தாம்மா, ஒடம்பு கெட்டுரும்" என்றார். அவள் அவர் கொண்டுவந்த வேரை முகர்ந்து பார்த்து, இன்னும் கொஞ்சம் ஆழத்தில் தோண்டியது வேண்டும் என்றாள். காவல் நிலையத்திலிருந்து சப் இன்ஸ்பெக்டர் ஒருமுறை வந்தார், இத்தனை பானை ஒரே நேரத்தில் கூடாது என்று சொன்னார், கொடுத்த முறுக்கைத் தின்றார், பானைக்கு வெயில் படாமல் இருக்கக் கீற்றை இழுத்துக் கட்டிவிட்டுப் போனார்.

ஒவ்வொரு வாரமும் அவள் அமலியைப் பார்க்கப் போனாள். ஒருமுறை உதடு, ஒருமுறை மணிக்கட்டு. நிரோஷா அம்மாவின் மணிக்கட்டுக்கு எண்ணெய் தடவிக்கொண்டே தன் வகுப்பில் நடந்த வேடிக்கையைச் சொல்லிச் சிரித்தாள், அமலியும் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டுவிட்டு வந்த ஒவ்வொரு தடவையும் ஜெசிந்தா அன்றைக்கே புதிதாகக் கேழ்வரகு ஊறவைத்தாள்.

பதினேழாவது பானைக்கு நிலவேம்பையும் சீந்திலையும் சேர்த்துப் போட்டாள். ஒன்பதாம் நாள் நுரை அடங்கியது. வழக்கமாக அதோடு முடிந்தது, வடிகட்ட வேண்டியதுதான். ஆனால் அவள் பானையில் காதை வைத்துக் கேட்டபோது உள்ளே எறும்புகள் காய்ந்த இலைமேல் நடப்பது போல ஒரு ஓசை இருந்தது. துணியை மறுபடி இறுக்கிக் கட்டினாள். பதினைந்தாம் நாளும் அந்த ஓசை இருந்தது. இருபதாம் நாளும், முப்பதாம் நாளும், பொன்னுரங்கம் செத்த பானை என்று சொல்லிவிட்டுப் போன பிறகும், கன்னிமாதா திருநாளுக்குப் பீர் கேட்டு வந்தவர்களை வெறுங்கையோடு அனுப்பிய பிறகும், அவள் தினமும் காலையில் முகம் கழுவியதும் போய்க் காதை வைத்துக் கேட்டாள். நாற்பத்தோராம் நாள் ஓசை நின்றது.

அவள் ஒரு வாய் எடுத்து நாக்கின் பின்பக்கத்துக்குத் தள்ளினாள். முதலில் வெட்டிவேர், பிறகு கேழ்வரகின் மண்வாசம், பிறகு ஒன்றுமில்லாத ஒரு இடைவெளி. அதன் பிறகு வந்தது. நாக்கின் அடிவேர் வரை இழுத்துப் பிடித்துக்கொண்டு வந்தது. அவள் தரையில் உட்கார்ந்தாள். தொழிற்சாலை வாசலில் ஒரு தாளைக் கொடுத்து அனுப்பிய அன்று அவள் யாரிடமும் சொல்லாமல் விழுங்கியது, கொட்டும் மழையில் இறந்த அப்பாவைத் தூக்க ஆள் வராதது, தன் கையால் மடித்து வைத்த அந்தச் சீருடைகள், கன்றிய கண்ணைப் பார்த்துவிட்டுத் தான் சர்க்கரை வாங்கி வந்தது எல்லாம் ஒன்றின் பின் ஒன்றாக வந்து அவள் மடியில் உட்கார்ந்தன. அவள் எதையும் தள்ளவில்லை. வெயில் கொல்லைச் சுவரைத் தாண்டி அவள் காலடிக்கு வரும்வரை அழுதாள், பிறகு எழுந்து முகம் கழுவிக்கொண்டாள்.

செய்தி எப்படியோ பரவி அன்று மத்தியானத்துக்குள் துளசிமணி வந்துவிட்டாள். சொந்த அண்ணன்மாரைக்கூட எதிர்த்து நின்று ஜெயித்த தலைவி என்று பேர் வாங்கியவள், இப்போது குரலே தாழ்ந்து மென்மையாகப் பேசினாள்.

"அதைக் கொட்டிருங்கக்கா. ஊரு நிம்மதியா இருக்கு."

"செல்லையா செத்தாரே."

"அது விதி. ஒருத்தருக்காக ஊரையே மறுபடி சண்டைக்கு விடுவீங்களா?"

"நான் யார் வாயிலயும் ஊத்தல தலைவரம்மா. கேக்கறவங்களுக்கு ஒரு வாய் குடுப்பேன். கேக்காதவங்க இருக்கற மாதிரியே இருக்கட்டும்."

துளசிமணி பானையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்குப் போவதற்கு மனம் வரவில்லை என்பது தெரிந்தது. "எப்படி இருக்குது, பழையபடியேவா?" என்று கேட்டாள். ஜெசிந்தா பானையின் துணியை இழுத்துக் கட்டினாள். "ஒரு வாய் குடுங்க" என்றாள் துளசிமணி.

குடித்தாள். கண்ணை மூடிக்கொண்டு சுவரில் சாய்ந்தாள். ஆனி மாதம் அவள் அண்ணன்மார் ஒரு பத்திரத்தைக் கொண்டுவந்து சிரித்த முகத்தோடு நீட்ட, அவளும் சிரித்த முகத்தோடு தன் பங்கு நிலத்தை எழுதிக் கொடுத்திருந்தாள், இந்த ஊரில் அது யாருக்கும் தெரியாமல் இல்லை. நீண்ட நேரம் கழித்துக் கண்ணைத் திறந்தாள். வந்தபோது இருந்த முகம் இல்லை அது.

"டம்ளரைக் கழுவிக் குடுக்கணுமா, வெச்சிட்டுப் போகவா?" என்று மட்டும் கேட்டாள். அன்று மாலைக்குள் பாலத்து முனையில் பேனர் இல்லை.

மறுநாள் ஜெசிந்தா ஒரு பாட்டிலில் நிரப்பி எடுத்துக்கொண்டு அமலி வீட்டுக்குப் போனாள். மத்தியானச் சாப்பாட்டு நேரம். சவரி இலையின் முன் உட்கார்ந்திருந்தான், அமலி குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"வாங்க மதினி. அதா இது, ஊரெல்லாம் பேசறது? எனக்கும் ஊத்துங்க" என்றான் சவரி.

அவள் இரண்டு டம்ளரில் ஊற்றினாள். சவரி தன்னுடையதை ஒரே மூச்சில் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தான். "கசக்குது. இதுக்கா ஆறு மாசம் காய்ச்சினீங்க?" என்று சொல்லிவிட்டு ஒரு துண்டு அப்பளத்தை வாயில் போட்டுக்கொண்டான். அவனுக்கு அதற்கு மேல் ஒன்றும் ஆகவில்லை.

அமலி கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்தாள். கரண்டி இன்னொரு கையில் இருந்தது. ஜெசிந்தா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்ற அந்த முகம் வரும் என்று எதிர்பார்த்தாள், அது வரவில்லை. அமலி அழவில்லை. டம்ளரைக் காலி செய்தாள்.

"இன்னும் கொஞ்சம் ஊத்துக்கா."

இரண்டாவதையும் குடித்து முடித்தாள். கரண்டியைக் குழம்புச் சட்டியில் வைத்தாள், அடுப்பை அணைத்தாள், உள்ளே போய்ப் பீரோவைத் திறந்தாள். சவரி சாப்பிட்டுக்கொண்டே, "மோர் எங்க?" என்றான். அவள் ஒரு பையோடு வெளியே வந்து, தையல் மெஷினைப் பிறகு ஆள் அனுப்பி எடுத்துக்கொள்கிறேன் என்று அவனிடமே சொன்னாள். அவன் எழுந்து எச்சில் கையோடு வாசலை மறித்தான். நகரச் சொல்லி அவள் கேட்கவில்லை. அவன் முகத்தை நேராகப் பார்த்துக்கொண்டு அப்படியே நின்றாள். பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேர் தட்டும் கையுமாக வாசலுக்கு வந்து பார்த்தார்கள், ஜெசிந்தா கையில் பாட்டிலோடு தங்கையின் தோளோடு தோளாக வந்து நின்றாள். எவ்வளவு நேரம் நின்றார்களோ, குழம்பில் ஏடு படிந்துவிட்டது. சவரிக்கு அப்படிப் பார்க்கப்பட்டுப் பழக்கமில்லை. அவன்தான் நகர்ந்தான்.

பள்ளிக்கூடத்தில் நிரோஷாவுக்குப் பரீட்சை நடந்துகொண்டிருந்தது. முடியும்வரை காத்திருக்கச் சொன்னார்கள். அக்காவும் தங்கையும் வாசல் கேட்டுக்கு வெளியே நிழலில் உட்கார்ந்தார்கள்.

"இது எத்தன நாளைக்குத் தாங்கும்?" என்று அமலி கேட்டாள்.

"தெரியல. மறுபடி மூடிக்கும்னு நெனைக்கிறேன்."

"அப்ப தினமும் வேணும்."

"ஆமா."

அமலி யோசித்தாள். "கேழ்வரகு எவ்வளவு இருக்கு வீட்டுல?" என்றாள்.

அப்படித்தான் அது தொடங்கியது. அடுத்த பானையை இருவரும் சேர்ந்து வைத்தார்கள், பதினேழாவது பானையின் மண்டியிலிருந்து பதினெட்டாவது, அதிலிருந்து அடுத்தது. வேம்பு மறுபடி கசக்கவே இல்லை, பாகற்காயும் கசக்கவில்லை, இன்றைக்கும் மஞ்சனூத்தில் அந்த வீட்டுப் பானையில் மட்டும்தான் கசப்பு இருக்கிறது. சனிக்கிழமை காலைகளில் ஆட்கள் டம்ளரோடு வருவார்கள். செல்லையாவின் மனைவி முதல் வாரமே வந்தாள், குடித்துவிட்டுக் கொல்லையில் உட்கார்ந்து, பாக்கி வைத்திருந்த அழுகையையெல்லாம் அழுது முடித்துவிட்டு எழுந்து போனாள். பொன்னுரங்கம் நாக்கின் நுனியில் ஒரு சொட்டு விட்டுக்கொண்டு போய், அந்த ஞாபகத்தில் அளவோடு தின்ன வேண்டிய மருந்துகளைத் தனியே பிரித்து வைத்தார். அண்ணன் தம்பி இரண்டு பேரும் வந்து வாசலிலேயே நின்று ஒருவரை ஒருவர் பார்த்துவிட்டுக் குடிக்காமல் திரும்பினார்கள், அதுவும் நல்லதற்குத்தான் என்று ஜெசிந்தா சொன்னாள். துளசிமணி அண்ணன்மார் மேல் வழக்குப் போட்டாள். சிலர் வந்ததே இல்லை. அமலி தினமும் காலையில் அரை டம்ளர் குடித்துவிட்டுத்தான் அடுப்பைப் பற்றவைத்தாள், கசப்பை மறுபடி மூட விடக்கூடாது என்று அவள் வைத்துக்கொண்ட கணக்கு அது, ஒரு நாளும் தவறவில்லை.

தை மாதத்தில் ஒரு நாள் முற்பகல் சவரி வந்தான். அமலி கொல்லையில் கேழ்வரகைக் களைந்துகொண்டிருந்தாள். அவன் படலுக்கு வெளியே நின்று பேசினான், நல்லபடியாகத்தான் பேசினான், தான் மாறிவிட்டதாகச் சொன்னான், நிரோஷா அப்பாவைத் தேடாதா என்று கேட்டான், மில்லுக்குப் புது மெஷின் வந்திருப்பதாகச் சொன்னான், வீடு வீடாக இல்லை என்றான். அவன் குரலில் அந்த ஊரின் அத்தனை இனிப்பும் இருந்தது. ஜெசிந்தா அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள், குறுக்கே போகவில்லை. அமலி ஈரக் கையை முழங்காலில் வைத்துக்கொண்டு அவன் சொன்னதை முழுவதும் கேட்டாள், நடுவில் நிறுத்தவில்லை, முகத்தைத் திருப்பவில்லை.

அவன் முடித்தான்.

மஞ்சனூத்தில் வாசலுக்கு வந்தவர் யாராக இருந்தாலும், கடன்காரனாக இருந்தாலும், போயிட்டு வாங்க என்று சொல்லித்தான் அனுப்புவார்கள். வெறுமனே அனுப்பும் வழக்கம் அங்கே இல்லை.

"போங்க" என்றாள் அமலி.

அவன் மீதிச் சொல்லுக்காகக் காத்து நின்றான். அவள் குனிந்து கேழ்வரகில் புதுத் தண்ணீர் ஊற்றி, மேலே மிதந்த பதரை ஒதுக்கத் தொடங்கினாள்.